ஆனைக்கொன்றானும் ஹெனகந்தயாவும்

அனகொண்டா என்ற ஒரு சொல்லால் இந்த ஊரில் எனக்கிருந்த ஒரேயொரு சிநேகிதி இல்லாமல் போனாள். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். கார்ல்ஸ்ரூஹேயில் கணினி வேலை செய்யும் என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். பாம்புக்காகவா சண்டை பிடித்தீர்கள் என்று கேட்டான். ஓம், பாம்புக்காகத்தான். அதுவும் இந்த நாட்டிலும் இல்லாத, எங்கள் நாட்டிலும் இல்லாத, நான் கண்ணால் கண்டே இராத ஒரு பாம்பின் இங்கிலீசுப் பெயருக்காக.

ஜேர்மனியின் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லம். அதன் நிலவறையில் சலவைக்கூடம். அங்கேதான் பதின்மூன்று வருடமாக வேலை செய்கிறேன். மூன்று மாடிக்காரர்களின் உடுப்புகளும் எங்களிடம்தான் வந்து சேரும். ஒவ்வொருவருடைய பெயரையும் சின்னத் துணித்துண்டில் அச்சடித்து, சட்டைக் கழுத்தின் உள்பக்கம் வைத்து, சூட்டு இயந்திரத்தால் அழுத்தி ஒட்ட வேண்டும். ஆள்மாறி ஒட்டிவிட்டால் வில்லங்கம். ஒருமுறை நான் அப்படி மாற்றி ஒட்டிய இரவுச் சட்டை ஒன்று, சொந்தக்காரர் செத்த பிறகும் முதலாம் மாடியில் வேறொரு கிழவரின் உடம்பில் நடமாடித் திரிந்தது. செத்தவருடைய மகள் சாமான்கள் எடுக்க வந்த நேரம் அதைக் கண்டு ஒப்பாரி வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சமல்ல.

என்னோடு வேலைக்கு வந்தவள் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண். ஜேர்மன்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவள், என்னைவிட ஆறு வயது இளையவள். முதல் ஒரு வருடம் நாங்கள் இருவரும் வணக்கம் சொன்னதோடு சரி. எனக்கு அவளோடு தனிப்பட்ட கோபம் ஒன்றுமில்லை, வாய்தான் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நான் எப்படி வெளிக்கிட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவளும் வாய் திறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம் என் மனுசன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இரண்டு கிழமை கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். பொறுப்பாளர் எல்லாரும் கையெழுத்து வைத்த அனுதாப அட்டை ஒன்றைத் தந்து கையைப் பிடித்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை நான் போகும்போது என் பங்குப் போர்வைகள் இஸ்திரி போட்டு மினுக்கி, மடித்து, அடுக்கிக் கிடந்தன. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஒரு மாதம் முழுக்க அவள் ஒரு பஸ் முந்தி வந்து என் வேலையைச் செய்திருக்கிறாள். கேட்டதற்கு, நித்திரை வருவதில்லை, சும்மா வந்தேன் என்றாள்.

அதன் பிறகு நான் அவளுக்கு அக்கா. அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். நான் அவளை நங்கி என்று கூப்பிட்டேன், சிங்களத்தில் தங்கைக்கு அதுதான் சொல். மற்றதெல்லாம் ஜேர்மனில் ஓடியது. இரண்டு பேருடைய ஜேர்மனும் நொண்டிதான், ஆனாலும் நொண்டி நொண்டி எல்லா இடமும் போய்வந்தோம். என் முழங்கால் நோ, அவளுடைய மனுசன் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தபடியே நித்திரையாவது, என் மகன் கலியாணப் பேச்சை எடுத்தாலே தொலைபேசியை வைப்பது எல்லாம் அந்த நிலவறையில் பேசினோம். ஒருநாள் என் மாசிச் சம்பல், மறுநாள் அவளுடையது. எதில் உறைப்புக் கூட என்பதில் மட்டும் நாங்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. காலையில் நான் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றுகிற விதத்தை வைத்தே எனக்கு முதல் நாள் எப்படிப் போனது என்று சொல்லிவிடுவாள். அவளுடைய வார்த்தைகளை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

ஹம்மில் தமிழருக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். பஞ்சமே இல்லை. மாதத்தில் ஒருமுறை தமிழ்ப் பூசைக்குப் போனால் கோயில் நிறையச் சனம். பூசை முடிந்ததும் எல்லாரும் கேட்பது மகனுக்கு எப்போது கலியாணம் என்றுதான். நான் சொல்லுகிற பதிலைக் கேட்டவர்கள் இரண்டாம் தரம் கேட்பதில்லை. என் வாய் அப்படி. மனுசன் இருந்த காலத்தில் அவர் முகத்துக்காக வந்துபோனவர்கள் பிறகு ஒவ்வொருவராகக் குறைந்து போனார்கள். பிழை அவர்கள் பக்கம் என்று கனகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தவர். காலுறை காணவில்லை என்ற சாட்டில் கிழமைக்கு இரண்டு தரமாவது எங்களிடம் இறங்கி வருவார். காலுறை அவருடைய அலுமாரியிலேயே இருக்கும். மனுசனுக்குப் பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான். வந்தால், இங்கிலீசில் விலங்குகளுக்கு உள்ள பெயர்கள் எங்கேயிருந்து வந்தன என்று தொடங்கிவிடுவார். ஒராங் உட்டான் என்றால் மலாய் மொழியில் காட்டு மனிதனாம். நீர்யானைக்கு இங்கிலீசுக்காரன் வைத்திருப்பது கிரேக்கரிடம் வாங்கிய பெயராம், ஆற்றுக்குதிரை என்று அர்த்தமாம். நாங்கள் யானை என்கிறோமே, ஒரே மிருகத்தைப் பார்த்து ஒருவனுக்குக் குதிரையும் மற்றவனுக்கு யானையும் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். அவர் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் உண்டு. இங்கிலீசில் ஒரு சொல் எங்களிடமிருந்து போனது என்று கேட்டால் போதும், சொத்துக் கிடைத்த மாதிரி ஒரு புளுகம். கறி எங்கள் சொல், சுருட்டு எங்கள் சொல், கட்டுமரம் எங்கள் சொல் என்று ஆசிரியருக்கு ஒன்றும் விடாமல் சொல்லியிருக்கிறேன். அவரும் தலையாட்டியிருக்கிறார். நங்கி மினுக்கிக்கொண்டே, அக்காவின் கட்டுமரம் கரைக்கு வந்துவிட்டது என்று நக்கல் அடிப்பாள்.

ஒரு புதன்கிழமை ஆசிரியர் கையில் ஒரு தாளோடு இறங்கி வந்தார். இன்றைக்கு உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பரிசு என்றார். அனகொண்டா என்ற பெயர் உங்கள் தீவிலிருந்து வந்ததாம் என்றார். ஒல்லாந்தர் காலத்தில் கப்பலில் போய்ச் சேர்ந்த பாம்புகளுக்கு யாரோ ஒரு பட்டியல் போட்டார்களாம், அதில் இலங்கைப் பாம்பு ஒன்றுக்கு இப்படி ஒரு பெயர் இருந்ததாம். பின்னால் வந்தவர்கள் கதையை ஊதிப் பெருப்பித்து, மாட்டை நெரித்து நொறுக்குகிற பாம்பு என்று எழுதினார்களாம். கடைசியில் அந்தப் பெயரைத் தூக்கித் தென்னமெரிக்க ஆறுகளில் கிடக்கிற பாம்புக்குப் போட்டுவிட்டார்களாம். அந்தப் பாம்பு இலங்கைப் பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை. உங்கள் சட்டைகளைப் போல, பெயர் ஆள்மாறி ஒட்டுப்பட்டுவிட்டது என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

சரி, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன். ஆனைக்கொன்றான், ஆனையையே கொன்ற பாம்பு, அது தமிழ் என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும்? யாரோ தொலைபேசியில் அனுப்பிய செய்தி. தமிழ் உலகத்துக்குக் கொடுத்த சொற்கள் என்று ஒரு பட்டியல், கடைசியில் தமிழனென்றால் பகிரு என்று போட்டிருந்தது. நானும் பகிர்ந்தவள்தான். ஆனால் அன்றைக்கு, நடை பழகின நாளிலிருந்து வாயில் புழங்கிய சொல்லைப் போலச் சொன்னேன்.

நங்கி மினுக்குவதை நிறுத்தினாள். இல்லை அக்கா, அது எங்களுடைய சொல் என்றாள். ஹெனகந்தயா. ஹென என்றால் இடி, கந்த என்றால் தண்டு. மண்ணிறமாக, சுள்ளி மாதிரி மெல்லிய பாம்பு. வீட்டுக்குப் பின்னால் பற்றைக்குள் கிளையோடு கிளையாகக் கிடக்கும், விறகு முறிக்கப் போகும்போது கவனம் என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவார் என்று சொன்னாள். சுள்ளி எப்படிக் கிடக்கும் என்று முழங்கையை நீட்டிக் காட்டினாள். அவள் முகத்தில் அப்போதிருந்த சந்தோசம் எனக்கு இப்போதும் தெரிகிறது. அத்தனை வருடத்தில் தன் தாய்வீட்டைப் பற்றி அவள் தானாகவே சொன்னது அன்றைக்குத்தான்.

நான் சிரித்தேன். நல்ல சிரிப்பல்ல. இவ்வளவு பெரிய பாம்புக்கு ஒரு சுள்ளியின் பெயரா என்று கேட்டேன். ஆசிரியர் பாவம், சமாதானம் செய்கிறேன் என்று நினைத்துத் தாளைப் பார்த்து வாசித்தார். அகராதிகள் அநேகமாகச் சிங்களம் என்கின்றனவாம், தமிழ் என்று எழுதியவர்களும் உண்டாம், உறுதியாகச் சொல்ல யாராலும் ஏலாதாம். அவர் சொன்ன மூன்றில் எனக்குக் கேட்டது முதலாவது மட்டும்தான். தலைக்குள் எதுவோ பற்றிக்கொண்டது.

"காணியும் உங்கடை, கடலும் உங்கடை. இப்ப பாம்பும் உங்கடையோ? உங்கடை ஆக்கள் எங்களுக்கெண்டு எதை விட்டவை?"

இதை ஜேர்மனில் சொன்னேன். தமிழில் என்றால் இதில் கொஞ்சம் வீட்டுச் சண்டை வாசமாவது இருந்திருக்கும். ஜேர்மனில் அது வெறும் கல்லாகப் போய் விழுந்தது. ஆசிரியர் காலுறை கேட்காமலே திரும்பிப் போனார். நங்கி ஒரு சட்டையை எடுத்து இயந்திரத்தில் வைத்து அழுத்தினாள். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கவில்லை. கருகின மணம் அந்த அறையில் பின்னேரம் வரை நின்றது.

விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இதைவிட மோசமாகவெல்லாம் என் மனுசனுக்கு வாய்விட்டிருக்கிறேன். அவர் கொஞ்ச நேரம் முகத்தை நீட்டிக்கொண்டிருப்பார், பிறகு தேத்தண்ணி கேட்பார், சண்டை அதோடு முடிந்துவிடும். இவள் அப்படியில்லை. அடுத்த நாள் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே பணியாளர் அறைக்குப் போய்விட்டாள். எத்தனை பாகைச் சூடு, எந்த மாடிப் போர்வை என்பதற்கு மட்டும் வாய் திறந்தாள். நானும் விடவில்லை. வயதில் மூத்தவள் நான், நானா முதலில் இறங்கிப் போவது என்று ஒரு ரோசம்.

அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா, சாட்சி தேடினேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எங்கள் பக்கம் ஆனைக்கொன்றான் என்று ஒரு பாம்பைச் சொல்வார்களா என்று கேட்டேன். உனக்கென்ன விசரா, மலைப்பாம்பு என்றுதானே சொல்லுவது, அதை விடு, பெடியனுக்கு எப்போது கலியாணம் என்றார். பூசைக்கு வருகிற பெரியவர் ஒருவர் வன்னிக் காட்டில் ஆனையோடும் பாம்போடும் வாழ்ந்தவர். அவரைத் தேடிப்போய்க் கேட்டேன். மலைப்பாம்பை அவர்கள் வெங்கிணாந்தி என்பார்களாம். ஆனையைக் கொன்ற பாம்பைத் தன் சீவியத்தில் கேள்விப்படவில்லை, கன்றுக்குட்டி என்றால் நம்பலாம் என்றார்.

அன்றைக்குக் கோயிலிலிருந்து நடந்து வரும்போது எனக்கு விளங்கியது. இரண்டு சொல்லில் எது கப்பல் ஏறியது என்பது படித்தவர்களுக்கே தெரியாது, அது அவர்கள் பாடு. ஆனால் அவளுடைய சொல்லை அவளுக்கு அவளுடைய தாய் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தொலைபேசி சொன்னது. வாழ்நாளில் ஒருநாளும் வாயில் வராத ஒரு சொல்லுக்காக, ஒவ்வொரு நாளும் அக்கா என்று கூப்பிட்டவளின் முகத்தில் நான் காறித் துப்பியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் காலையிலேயே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். காலையில் அவள் குனிந்த தலை நிமிராமல் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். பின்னேரம் சொல்லலாம் என்று நினைத்தேன். இப்படியே மூன்று மாதம் போனது.

அவள் வேலையை விடப்போகிறாள் என்பதைப் பொறுப்பாளர் சொல்லித்தான் அறிந்தேன். அவளுடைய மனுசன் ஓய்வுபெறுகிறாராம், ஹனோவருக்குப் பக்கத்தில் அவருடைய ஊருக்குப் போகிறார்களாம். உங்களுக்கு முதலே தெரிந்திருக்குமே என்றார் பொறுப்பாளர். ஓம், தெரியும் என்று பொய் சொன்னேன்.

இங்கே ஒரு வழக்கம், விட்டுப் போகிறவர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். அவள் கடைசி நாளன்று வீட்டில் சுட்ட கேக் கொண்டுவந்தாள். மேலே எல்லாரும் நின்று கைதட்டினார்கள். நான் போகவில்லை, இயந்திரம் ஓடுகிறது என்று சாட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவளே ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு கீழே வந்தாள். அக்கா, கேக் என்று சொல்லி என் மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு உடனே போகவில்லை. இரண்டு கையையும் ஏப்ரனில் துடைத்தபடி நின்றாள். அவள் எனக்குத் தந்த நேரம் அது, எனக்கு அப்போதே தெரிந்தது. நான் மூன்றாம் மாடிப் போர்வைகள் எடுத்தாயிற்றா என்று கேட்டேன். எடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

கேக்கைத் தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். குசினியில் நின்றபடி தின்றேன். நல்லாயிருந்தது. தின்று முடித்த பிறகு அழுதேன்.

இப்போது அவளுடைய இடத்தில் ஒரு இளம்பெண் வேலை செய்கிறாள். நல்ல பிள்ளை, காதுக்குள் எதையோ செருகிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் ஏதாவது சொன்னால் ஒரு காதிலிருந்து அதைக் கழற்றி, என்ன என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். ஆசிரியர் இப்போதும் காலுறை கேட்டு வருகிறார். மற்றப் பெண் எங்கே என்று முதல் சில தரம் கேட்டார், பிறகு விட்டுவிட்டார். விலங்குகளைப் பற்றி என்னோடு பேசுவதில்லை. மழையைப் பற்றிப் பேசுகிறார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவைப் பூட்டினால் திங்கள் காலை வரை நான் பேசுவது மகனோடு மட்டும்தான். அவன் ஞாயிறு பின்னேரம் எடுப்பான், பத்து நிமிடம். சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா, சரி அம்மா. ஒரு சனிக்கிழமை சீனிப் போத்தலைத் தேடிக்கொண்டு, எங்கே வைத்தேன் என்று சத்தமாகக் கேட்டேன். என் குரல் கரகரத்து வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பயந்துபோனேன். தனிமை என்று மற்றவர்கள் சொல்லும்போது அது ஒரு சோகம் என்று நினைத்திருந்தேன். இது சோகம் இல்லை. அந்த வீட்டில் நான் இருக்கிறேனா என்பதே சந்தேகமாக இருந்தது.

அன்றைக்குத்தான் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் பஸ்கள் போகும் சத்தம் கேட்டது. சுகம் விசாரித்தாள், முழங்காலைப் பற்றிக் கேட்டாள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன், எங்கள் பக்கம் அப்படி ஒரு சொல்லை யாருக்கும் தெரியாது, அந்தப் பாம்பு உன்னுடையதுதான், ஹெனகந்தயாதான் என்றேன். அவள் மெல்லச் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் சொன்னாள்.

"அக்கா, எனக்குப் பாம்பு வேண்டாம். எட்டு வருஷம் நான் உங்களுக்கு ஒரு ஆளா இருந்தன். அண்டைக்கு நீங்கள் என்னோடை கதைக்கேல்லை. என்ரை நாட்டோடை கதைச்சனீங்கள்."

நான் மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் ஒருவருடைய காலை மிதித்தாலும் சொல்லுகிற அதே ஜேர்மன் சொல்தான் எனக்குத் தெரியும். இரண்டு தரம் சொன்னேன். பரவாயில்லை அக்கா, அது முடிந்துபோன விஷயம் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் கெஞ்சியிருப்பேன், திட்டியாவது இருப்பேன். பஸ் வந்துவிட்டது என்றாள். நேரம் கிடைக்கும்போது எடுக்கிறேன் என்றாள்.

அந்த வசனம் எனக்கு நன்றாகத் தெரியும். திரும்பப் பேச விருப்பமில்லாதவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்லுவேன்.